கேமராவின் முன் நின்றவர்கள்



திரையில் இப்போது நீங்கள் பார்ப்பது 1894-இல் எடுத்த படம். இடம் ஃபோர்ட் ரூபர்ட். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடகோடியில் இருக்கும் ஊர். க்வாக்வாக்கவாக்க இனத்துப் பெண் ஒருவர் தரையில் உட்கார்ந்து நூல் திரிக்கிறார். தொட்டிலை ஆட்டும் கயிறு அவர் கால் விரலில் கட்டியிருக்கிறது. கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை. அவருக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாக விரித்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்க மானுடவியலின் தந்தை என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர். மற்றவர் ஜார்ஜ் ஹன்ட். படம் எடுத்தவர் ஓ. சி. ஹேஸ்டிங்ஸ். துணிக்கு அப்பால் ஐரோப்பிய பாணி வீடும் மரச்சட்ட வேலியும் தெரிகின்றன. அந்த வேலி கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான் துணியே பிடித்தார்கள். பெண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் புத்தகத்தில் போட்டால், உலகம் தொடாத ஓர் ஆதிகாலத்தில் அவர் உட்கார்ந்திருப்பதாக நாம் நம்பிவிடுவோம். நல்லவேளையாக முழுப் படமும் தப்பிப் பிழைத்து நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கரையின் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது இந்தத் துணியைத்தான். எதை மறைக்க விரித்தார்கள்? யார் பிடித்தார்கள்? படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணத்தோடு வந்தார்கள்: இந்த மக்கள் அழியப் போகிறார்கள், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும். முன்னால் நின்றவர்களில் பலர் வேறு எண்ணத்தோடு நின்றார்கள். இந்தச் சின்னம் எங்கள் குடும்பத்துடையது, இந்த அங்கியை அணிய எனக்கு உரிமை உண்டு, இந்தத் தூண் எங்கள் வீட்டினுடையது என்று காட்டவே நின்றார்கள். படத்தை அவர்கள் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

அலாஸ்காவின் தென்பகுதியிலிருந்து வான்கூவர் தீவு வரை நீளும் அந்தக் கரையில் ட்லிங்கிட், ஹைடா, சிம்ஷியான், நிஸ்கா, கிட்ஸான், ஹைஸ்லா, க்வாக்வாக்கவாக்க எனப் பல இனத்தார் வாழ்கிறார்கள். ஓயாத மழை, ஆறு நிறைய சால்மன் மீன், வானளாவிய செந்தேவதாரு மரங்கள். வீடு, படகு, பெட்டி, கயிறு, பாய், மழைக்குப் போடும் தொப்பி எல்லாம் தேவதாரு இனத்து மரத்திலிருந்தோ அதன் பட்டையிலிருந்தோ வந்தவை. குலக்குறித் தூணும் அப்படித்தான். வீட்டு முகப்பில் நிற்கும் தூண் உண்டு. இறந்த தலைவருக்காக நட்ட நினைவுத் தூண் உண்டு. உச்சியில் பெட்டி வைத்து அதில் இறந்தவரின் எச்சத்தைப் பாதுகாத்த ஈமத் தூணும் உண்டு. காக்கை, கழுகு, ஓர்க்கா திமிங்கிலம், கரடி, நீர்நாய் என்று அதில் செதுக்கிய உருவங்களை மிஷனரிகள் சிலைகள் என்று நினைத்தார்கள். வெட்டி எரிக்கச் சொன்னார்கள். அந்தக் கரையில் யாரும் தூணைக் கும்பிட்டதில்லை. எந்த மூதாதை எந்த உயிரைச் சந்தித்தார், அதனால் அந்த உருவத்தைப் பொறிக்கும் உரிமை எந்தக் குலத்துக்கு வந்தது என்பதைத் தூண் சொல்கிறது. நம் ஊரில் பட்டா சிட்டா செய்யும் வேலையில் பாதியை அது செய்தது. மீதிப் பாதியை விருந்து செய்தது.

அந்த விருந்துக்குப் போட்லாட்ச் என்று பெயர். தூண் நடும்போது, பெயர் சூட்டும்போது, தலைவர் இறந்து அடுத்தவர் பொறுப்பேற்கும்போது, மணம் நடக்கும்போது ஊர் ஊராக ஆட்களை அழைப்பார்கள். குடும்பத்தின் கதை, பாட்டு, ஆட்டம், முகமூடி எல்லாம் சபையில் காட்டப்படும். வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்து அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டவர் வெறும் விருந்தாளி இல்லை, சாட்சி. பின்னாளில் யாராவது அந்த உரிமையை மறுத்தால் வந்து சொல்ல வேண்டியவர் அவர்.

இப்போது உடைக்கு வருகிறேன். படங்களில் தலைவர்களின் தோளில் விழுந்து கிடக்கும் அகலமான அங்கியைக் கவனியுங்கள். சில்காட் அங்கி என்பார்கள். மலையாட்டின் கம்பளியும் மஞ்சள் தேவதாருப் பட்டையும் சேர்த்து முறுக்கிய நூல். கோலத்தை ஆண்கள் பலகையில் வரைவார்கள்; இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பாதிக்குச் சற்று மேல் வரைந்தால் போதும். நெய்வது பெண்கள். தறி என்பது இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்குச் சட்டமும்தான். பாவு அதிலிருந்து தொங்கும், ஊடு நூலை விரலாலேயே முறுக்கி முறுக்கிக் கொண்டுபோக வேண்டும். ஓர் அங்கி முடிய ஏறக்குறைய ஓராண்டு ஆகும். கறுப்புக்கு ஹெம்லாக் மரப்பட்டை, மஞ்சளுக்கு ஓநாய்ப்பாசி எனப்படும் மரப்பாசி, நீலப்பச்சைக்குச் செம்பு. இப்படி உருவான அங்கியைச் சில விருந்துகளில் துண்டு துண்டாக வெட்டி விருந்தினருக்குக் கொடுத்துவிடுவார்கள். கிடைத்த துண்டை அவர்கள் கால்பட்டையாகவோ மேற்சட்டையாகவோ தைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு பழைய படத்தில் பாதிக் கண்ணும் பாதி அலகும் மட்டும் தெரியும் கால்பட்டையைப் பார்த்தால் அது குறைபட்ட துணி என்று எண்ணிவிடாதீர்கள். எங்கோ நடந்த ஒரு பெரிய விருந்தில் இவர் குடும்பம் சாட்சியாக இருந்திருக்கிறது என்று படியுங்கள்.

தலையில் இருப்பது மரத்தில் செதுக்கிய நெற்றித் தகடு. ஓரமெல்லாம் மின்னும் அபலோன் சிப்பி. பின்னால் வெண்கீரியைப் போன்ற எர்மின் என்னும் விலங்கின் தோல்கள் வரிசையாகத் தொங்கும். உச்சியில் கடற்சிங்கத்தின் மீசை மயிர்கள் கிரீடம்போலக் குத்திட்டு நிற்கும். அந்த மயிர்களுக்கு நடுவில் கழுகின் மெல்லிய தூவிகளை நிரப்பியிருப்பார்கள். ஆடுபவர் தலையைச் சிலுப்பச் சிலுப்பத் தூவி பறந்து எல்லார்மேலும் இறங்கும். நாம் பகையின்றிக் கூடியிருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம்.

அக்காலக் கேமராவுக்கு இந்தத் தூவி அகப்படவே இல்லை. ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்த படத்தில் அது எப்படிப் பறக்கும்? ஆட்டத்துக்காகவே பிறந்த உடையை நாம் ஆட்டமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய இழப்பு நிறத்தில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும், சிவப்பை ஏறக்குறைய உணராது. அதனால் படத்தில் நீலம் வெளிறியும் சிவப்பு கறுத்தும் விழும். பொத்தான் அங்கி என்று ஒன்று உண்டு. ஹட்சன் பே கம்பெனியிடம் வாங்கிய கருநீலக் கம்பளிப் போர்வையில் சிவப்புத் துணியால் குலச்சின்னத்தை வெட்டித் தைத்து, ஓரங்களில் நூற்றுக்கணக்கான முத்துச்சிப்பிப் பொத்தான்களைப் பதித்திருப்பார்கள். தீ வெளிச்சத்தில் நீலம் பின்வாங்கும், சிவப்பு எழுந்து வரும், பொத்தான்கள் சிமிட்டும். அந்தத் தட்டில் விழுந்தபோது சிவப்பும் கருநீலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. சில படங்களில் சின்னத்தைவிடப் போர்வையே வெளிறித் தெரிகிறது. சில்காட் அங்கியின் மஞ்சள் இருண்டும் நீலப்பச்சை வெளுத்தும் விழுந்தன. அந்த மக்களைப் பற்றிப் பலர் மனத்தில் படிந்திருக்கும் சோகச் சாம்பல் நிறத்துக்கு அந்த இரசாயனமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அவர்கள் வாழ்ந்தது சிவப்பும் கறுப்பும் நீலப்பச்சையும் பளீரென்று மின்னிய ஓர் உலகில்.

சோகம் இல்லை என்று சொல்லவில்லை. 1862 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கப்பலில் பெரியம்மை விக்டோரியா நகரத்துக்கு வந்து சேர்ந்தது. வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்து நகரத்தின் ஓரத்தில் தங்கியிருந்த தொல்குடியினரை அதிகாரிகள் துரத்தினார்கள். அவர்கள் குடிசைகளைக் கொளுத்தினார்கள். நோயைச் சுமந்துகொண்டு படகுகள் கரை நெடுக வீடு திரும்பின. எத்தனையோ ஆயிரம் பேர் வாழ்ந்த ஹைடா தீவுகளில் 1900-ஐ ஒட்டி எஞ்சியவர்கள் சில நூறு பேர். 1878-இல் நிலவியலாளர் ஜார்ஜ் டாசன் அரசாங்க வேலையாக அந்தத் தீவுகளுக்குப் போய் ஸ்கிடகேட், ஸ்கீடன்ஸ், டானு போன்ற ஊர்களைப் படமெடுத்தார். கடலோரத்தில் வீட்டு வரிசை, அதன்முன் காடுபோலத் தூண்கள். ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இந்த நாகரிகம் தானாகவே அந்திக்கு வந்துவிட்டது என்று எழுதினார்கள். தானாக எதுவும் வரவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன் வந்த நோயையும் அதைப் பரவவிட்ட உத்தரவையும் சொல்லாமல் டாசனின் படங்களை யாருக்கும் காட்டக் கூடாது.

நோய் விட்டுவைத்ததைச் சட்டம் பார்த்துக்கொண்டது. 1884-இல் கனடா நாடாளுமன்றம் போட்லாட்சைக் குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தடை நடைமுறைக்கு வந்தது. 1951 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. அறுபத்தாறு ஆண்டுகள், கிட்டத்தட்ட மூன்று தலைமுறை! 1921 கிறிஸ்துமஸை ஒட்டி வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரிய விருந்து ஒன்றை நடத்தினார். அலெர்ட் பே ஊரிலிருந்த அரசு முகவர் வில்லியம் ஹாலிடேக்குச் செய்தி எட்டியது. நாற்பத்தைந்து பேர்மேல் வழக்கு. என்ன குற்றம்? பேசினார்கள், பாடினார்கள், ஆடினார்கள், பரிசை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முகமூடிகளையும் செம்புத் தகடுகளையும் சடங்கு உடைகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். பலர் ஒப்படைத்தார்கள். இருபது பேர் அளவில் ஓகாலா சிறைக்குப் போனார்கள். பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

பறித்த பொருள்களை அலெர்ட் பே தேவாலயக் கூடத்தில் பெஞ்சுகள்மேல் பரப்பி வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சி நடத்தினார்கள். அதன் படங்கள் கிடைக்கின்றன. முகமூடிகள் அடுக்கடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஏலத்துக்கு வைத்த தட்டுமுட்டுச் சாமான்போலக் கிடக்கின்றன. இருட்டில், உரியவர் பாட, உரிய நேரத்தில் மட்டும் சபைக்கு வர வேண்டிய முகங்கள் அவை. பட்டப்பகலில் அவற்றை அப்படிப் பார்ப்பது எனக்கு இன்றும் மனம் தாங்காத காட்சி. நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேய் முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களை 291 டாலருக்கு வாங்கிச் சென்றார். மற்றவை ஆட்டவாவுக்கும் டொரோன்டோவுக்கும் பிரிந்து போயின. உரிய குடும்பங்கள் விடவில்லை. 1979-இல் குவாட்ரா தீவிலும் 1980-இல் அலெர்ட் பேயிலும் அவர்களே காட்சியகம் கட்டிய பிறகு பொருள்கள் திரும்பத் தொடங்கின. அலெர்ட் பேயில் உள்ள உமிஸ்தா பண்பாட்டு மையத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் வைப்பதில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தவை இனிப் பூட்டில் இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். விருந்தில் எந்த வரிசையில் வருமோ அதே வரிசையில் நிற்கின்றன.

இந்தத் தடைக் காலத்தின் நடுவில்தான் எட்வர்ட் கர்டிஸ் வருகிறார். வட அமெரிக்கத் தொல்குடிகளைப் பற்றி 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகள் வெளியிட்டவர். உங்களில் பலர் பார்த்திருக்கும் அந்தப் பழுப்பு நிறப் படங்கள் இவருடையவை. ஒளியை ஆளத் தெரிந்தவர், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கடிகாரம் கண்ணில் பட்டால் அழித்துவிடுவார். பிளாக்ஃபுட் இனத்தவரின் கூடாரம் ஒன்றின் உள்ளே எடுத்த படத்தில் அப்படியே செய்தார். க்வாக்வாக்கவாக்க மக்களை நடிக்கவைத்து 1914-இல் ஒரு முழுநீளத் திரைப்படம் எடுத்தார். அவர்கள் அப்போது சட்டையும் கால்சட்டையும் போட்டு மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கர்டிஸ் அவர்களுக்குப் பொய்முடி மாட்டினார், பட்டை உடை உடுத்தினார், திமிங்கில வேட்டை வழக்கமில்லாத மக்களுக்கு ஒரு செத்த திமிங்கிலத்தை வைத்து வேட்டைக் காட்சியும் எடுத்தார்.

இதே படத்தை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஆட்டமும் பாட்டும் குற்றமாக இருந்த நேரத்தில், சினிமாவுக்கு என்ற பெயரில் அவர்கள் கூலியோடு ஆடினார்கள். உடைகளைத் தைத்தவர்களில் ஜார்ஜ் ஹன்டின் மனைவி ஃபிரான்சினும் உண்டு. முதல் படத்தில் துணியைப் பிடித்திருந்த அதே ஹன்ட்தான் இங்கே ஆள் திரட்டியவர், இடம் காட்டியவர், எது சரி எது தவறு என்று சொன்னவர். தாய் ட்லிங்கிட் உயர்குடி, தந்தை ஹட்சன் பே கம்பெனியின் ஆங்கில ஊழியர், வளர்ந்ததும் மணந்ததும் க்வாக்வாக்கவாக்க மக்களிடையே. போவாஸுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிக் கொடுத்தவரும் இவரே. இவரை உதவியாளர் என்று அழைக்கும் நூல்களை நான் ஏற்பதில்லை. 2008-இல் அந்தத் திரைப்படத்தைச் சீர்ப்படுத்தித் திரையிட்டபோது, நடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அதே மேடையில் ஆடினார்கள். கதை கர்டிஸுடையது. ஆட்டம் எப்போதும் அவர்களுடையது.

கர்டிஸின் இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 1899-இல் ரயில்வே அதிபர் ஹாரிமன் நடத்திய அலாஸ்கா பயணத்தில் அவர்தான் புகைப்படக்காரர். கேப் ஃபாக்ஸ் என்ற ட்லிங்கிட் ஊரில் ஆளில்லாததைப் பார்த்து, கைவிட்ட ஊர் என்று தீர்மானித்து, தூண்களையும் பொருள்களையும் கப்பலில் ஏற்றினார்கள். புறப்படுமுன் அறிஞர் குழு முழுவதும் தூண்களின் முன் கடற்கரையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டது. ஊரார் நோய்க்குத் தப்பி வேறிடம் போயிருந்தார்கள். உரிமையை விட்டுவிட்டுப் போகவில்லை. 2001-இல் பல அருங்காட்சியகங்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்தன. பெருமைக்காக எடுத்த அந்தக் குழுப்படம் யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு அழிக்க முடியாத சான்றாகிவிட்டது.

இதுவரை வெளியாள் எடுத்த படங்களையே சொன்னேன். இனி அந்தக் கரையின் மக்களில் ஒருவரே எடுத்தவை. பெஞ்சமின் ஹால்டேன் சிம்ஷியான் இனத்தவர், 1874-இல் பிறந்தவர். மிஷனரி வில்லியம் டங்கனோடு 1887-இல் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கனடாவிலிருந்து அலாஸ்காவின் அனெட் தீவுக்குக் குடிபெயர்ந்து மெட்லகட்லா என்ற ஊரை அமைத்தார்கள். அங்கே பழைய சடங்குகளுக்கு டங்கன் இடம் கொடுக்கவில்லை, தூண்களும் கூடாது. அந்த ஊரில்தான் ஹால்டேன் 1899-இல் படப்பிடிப்புக் கூடம் திறந்தார். பாண்டு வாத்தியக் குழுவும் நடத்தினார். கூடத்தில் தன்னையே எடுத்துக்கொண்ட படத்தில் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சிறிய மாதிரித் தூண் ஒன்று. தூண் கூடாத ஊரில், தன் கூடத்தில், தன் கேமராவுக்கு முன் அதை எடுத்து வைக்கிறார். வேலியை மறைக்க இங்கே எவரும் துணி பிடிக்கவில்லை. சூட்டும் தூணும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அப்படியே எடுத்தார். போட்லாட்ச் தடையில் இருந்த காலத்தில் எல்லை தாண்டிப் போய் நிஸ்கா ஊரான லக்ஸ்கால்ட்சாப்பில் சடங்கு உடையோடு கூடியிருந்தவர்களையும் எடுத்தார். நின்றவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். எடுப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும்; எதற்கென்றும் தெரியும்.

ஹால்டேனின் கண்ணாடித் தட்டுகளில் நூற்றறுபதுக்கும் மேற்பட்டவை 2003-இல் அனெட் தீவின் குப்பைக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டன. அதே ஊரைச் சேர்ந்த ஆய்வாளர் மிக்கேல் டாஞ்செலி அவரைப் பற்றிய ஆய்வை எழுதினார். படத்தில் இருப்பவர் எந்தக் குலம், என்ன சின்னம் அணிந்திருக்கிறார் என்று படிப்பதுதான் அந்த ஆய்வின் வழி. பெரிய அருங்காட்சியகங்களின் பழைய அட்டைகளில் அங்கியின் பெயர் இருக்கும், தூணின் உயரம் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும். நின்றவர் வெறும் தலைவர் அல்லது பெண். ஊர்ப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டினால் முதலில் சொல்வது நின்றவரின் பெயரைத்தான்.

பெயரையும் சின்னத்தையும் தேடுவது ஏதோ உணர்ச்சிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கிட்ஸான், வெட்சுவெட்டன் மக்கள் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கேட்டுத் தொடுத்த டெல்கமூக் வழக்கின் விசாரணை 1987-இல் தொடங்கியது. நிலம் எங்களுடையது என்பதற்குத் தூண்களையும், விருந்தில் சொல்லப்படும் வரலாறுகளையும், பாட்டுகளையும் சான்றாக முன்வைத்தார்கள். மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தன் குடும்பத்துக்குரிய பாட்டை நீதிமன்றத்தில் பாட முன்வந்தபோது, இதைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற தோரணையில் நீதிபதி தயங்கினார். மூதாட்டி பாடியே தீர்த்தார். 1991-இல் தீர்ப்பு எதிராக வந்தது. 1997 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, வாய்மொழி வரலாற்றுக்கும் உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது. சின்னம், கதை, நிலம் மூன்றும் ஒரே முடிச்சு. ஒரு படத்தில் இவர் இந்த ஊரில் இந்தச் சின்னத்தோடு நின்றார் என்று தெரிந்தால் அந்த முடிச்சின் ஓரிழை கையில் கிடைக்கிறது.

நம் பத்திரிகைகளில் இத்தகைய படங்களை அச்சிடுவோருக்கு என் வேண்டுகோள் சிறியது. செவ்விந்தியர் என்று ஒரு சொல்லைக் கீழே போட்டு முடித்துவிடாதீர்கள். இனம், ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர் இவற்றையாவது தேடிப் போடுங்கள். நின்றவரின் பெயர் கிடைத்தால் அதை முதலில் போடுங்கள். முகமூடிப் படங்கள் சிலவற்றை நான் இன்று திரையில் காட்டவில்லை. சடங்குக்கு வெளியே அவற்றைக் காட்டுவதை அந்தக் குடும்பங்கள் விரும்புவதில்லை.

கடைசிப் படம். ஹால்டேன் கேமராவோடு போன அதே லக்ஸ்கால்ட்சாப். 1929 கோடையில் ஊரார் வேலைக்காக வெளியே போயிருந்த நேரம், மானுடவியலாளர் மாரியஸ் பார்போ நிஸ்கா நிலத்திலிருந்து ஒரு தூணை எடுத்துச் சென்று எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். பதினொரு மீட்டர் உயரம், நிஸ்யோல் இல்லம் என்னும் குடும்பத்தினுடையது. தூண் இல்லத்துக்குச் சொந்தம்; தனியாள் எவருக்கும் அதை விற்கும் அதிகாரம் நிஸ்கா சட்டத்தில் இல்லை. அதைத்தான் 2022-இல் எடின்பரோவுக்குச் சென்ற நிஸ்கா குழுவினர் எடுத்துச் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் கனடா விமானப்படையின் விமானத்தில் தூண் ஊர் திரும்பியது. இப்போது லக்ஸ்கால்ட்சாப்பில் நிஸ்கா மக்களின் சொந்தக் காட்சியகத்தில் நிற்கிறது. அந்தத் தூணைச் செய்வித்தவர் ஜோஆனா மூடி என்ற பெண்மணி. தலைமைக்கு வர இருந்து, அதற்குமுன் சண்டையில் இறந்துபோன த்ஸ்வாவிட் என்ற வீரரின் நினைவாகச் செய்வித்தார்.